ஒப்பிட்டுப் பார்த்த ஐந்து மருத்துவமனைகள்

ஒரே கம்பியின் மின்தடையை இரு மாணவர்கள் அளந்து வெவ்வேறு விடைகளைக் கூறினால் நாம் என்ன செய்வோம்? முதலில் கருவிகளைச் சோதிப்போம். பிறகு, அளந்த முறைகளை ஒப்பிடுவோம். மருத்துவர்களும் இவ்வாறு செய்ய இயலுமா? இயலும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சி சான்றாகும்.

1986-இல் அந்நாட்டு அரசு, மருத்துவமனை வாரியாக இறப்பு விவரங்களை வெளியிட்டது. நோய் முற்றியவர்களுக்கு மிகுதியாகச் சிகிச்சை செய்யும் இடத்தில் இறப்பும் மிகுதியாகத்தானே இருக்கும்? வெறும் எண்களால் எடைபோடுவது முறையன்று என மருத்துவர்கள் கருதினர். அக்கருத்தில் நியாயம் இருந்தது.

மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய மாநிலங்களின் இதய அறுவை மருத்துவர்களோ குறை கூறுவதோடு நிற்கவில்லை. 1987-இல் ஐந்து மருத்துவமனைகள் ஒரு குழுவாக இணைந்தன. நோயாளியின் வயது, நோயின் கடுமை முதலியவற்றை எல்லோரும் ஒரே முறையில் பதிவு செய்தனர்.

1991-இல் வெளியான முடிவைப் பாருங்கள். 'பைபாஸ்' அறுவை செய்துகொண்ட 3,055 பேரில் 4.3 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது 3.1 முதல் 6.3 வரையும், மருத்துவருக்கு மருத்துவர் 1.9 முதல் 9.2 வரையும் வேறுபட்டது. நோயாளிகளின் நிலையைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரும் வேறுபாடு மறையவில்லை! அப்படியானால், காரணம் சிகிச்சை முறையில் இருக்கலாம்.

இங்கேதான் பல கூட்டு முயற்சிகள் முறிந்துபோகின்றன. தம் குறை வெளிப்படும் என்ற அச்சமும், போட்டி மனப்பான்மையும் வாயை அடைத்துவிடுகின்றன. இக்குழுவினர் மருத்துவர்களின் பெயர்களை ஊரறியச் செய்யவில்லை. ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்தவும் இல்லை. ஒரு மருத்துவமனையின் குழு மற்றொன்றுக்குச் சென்று, அங்கு வேலை நடக்கும் விதத்தை நேரில் கவனித்தது. 23 அறுவை மருத்துவர்களும் இத்திட்டத்தில் பங்கு கொண்டனர்.

பயன் என்ன? 1996-இல் வெளியான அறிக்கையின்படி, எதிர்பார்த்ததைவிட 74 இறப்புகள் குறைந்தன. அதாவது 24 விழுக்காடு. ஆயினும், ஒன்றை மறக்கலாகாது. இத்தகைய திட்டம் இல்லாத அண்டை மாநிலமான மாசசூசெட்ஸிலும் அக்காலத்தில் இறப்பு குறைந்ததாக 1997-இல் வேறோர் ஆய்வு காட்டியது. எனவே பயன் முழுவதும் குழுவினுடையதே எனச் சொல்ல இயலாது. ஆனால், பொதுவான அளவுகோலும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையும் இல்லாவிடில், ஐந்து மருத்துவமனைகளிடையே இருந்த வேறுபாட்டை அம்மருத்துவர்களே அறிந்திருக்க மாட்டார்கள்.