தோட்டத்துக்குள் நுழைந்த பத்திரிகை: 'தேசபக்தன்' விட்டுச்சென்ற வெற்றிடம்

பூனாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளை என எங்கள் ஊவா தோட்டங்களுக்குப் பத்திரிகை இன்றும் கொழும்பிலிருந்துதான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் 1959இல் 'ஈழநாடு' தொடங்கியது; 1981இல் அதை எரித்தார்கள். 1985இல் 'உதயன்' வந்தது. 2006இல் அதன் அலுவலகத்துக்குள்ளேயே ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிரதேசப் பத்திரிகையின் பெறுமதி அதை அழிக்க நினைத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. மலையகத்துக்கும் ஒரு காலத்தில் அப்படியொரு குரல் இருந்தது.

தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். வாரத்துக்கு மூன்று முறை கொழும்பிலிருந்து அது வெளிவந்தது. அப்போது தோட்டம் துரையின் தனிச்சொத்து; வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். அதனால் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்வந்தார். தொழிலாளியின் கடனை எழுதிவைத்து, அவர் வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் கட்டிவைத்தது 'துண்டு' முறை. 1921இல் சட்டம் அதை ஒழித்த பிறகும் கங்காணியின் பிடி தளரவில்லை. கூலி, கடன், அடி உதை ஆகியவற்றைப் பற்றி அச்சில் எழுதுவதே அந்நாளில் போராட்டமாக இருந்தது.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது அடுத்த சிக்கல். அதற்குப் பாட்டு கைகொடுத்தது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார்; 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். 1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947இல் மறைந்தார்.

மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. 1930இல் பிறந்த 'வீரகேசரி' மலையகச் செய்திக்கு இடம் தந்தது. அதில் பணியாற்றிய எஸ். எம். கார்மேகம் போன்றவர்கள் தோட்டத்து இளைஞர்களை எழுதவைத்தார்கள். 1971இல் வந்த 'கதைக்கனிகள்' தொகுப்பு அந்த முயற்சியின் பலன். ஆனாலும் தலைமையகம் கொழும்பில்தான் இருந்தது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அங்கே போரில் சிக்கியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். 'வன்னி மக்கள்' என்ற பொதுப்பெயரில் அவர்களுடைய மலையக வேர் மறைந்துபோனது.

பக்கத்தில் ஒரு பத்திரிகை இல்லாததன் விலையை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பார்த்தோம். மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பதைத் தோட்டத்து ஆட்களே அறிவார்கள். அவர்களிடம் கேட்டு எழுத அங்கே நிரந்தரமாக ஒரு பத்திரிகை இல்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. சில நாள் தலைப்புச் செய்தியாக இருந்தது. பிறகு இடம்பெயர்ந்தவர்களின் கதை பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

நடேசய்யருக்கு இருந்த தடைகளில் பல இன்று இல்லை. துரையின் அனுமதி கேட்டு யாரும் எழுதவேண்டியதில்லை, கைத்தொலைபேசி போதும். தோட்டத்தில் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து வெளியிட்டு, சரிபார்த்து, சேமித்துவைக்க ஓர் இடம் வேண்டும். ஊவாவுக்கு இப்போது அவசியமான பத்திரிகை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.