இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் மீண்டும் நடத்தல்: இயன்முறை மருத்துவத்தின் பங்கு

குளியலறையில் வழுக்கியோ இரவில் எழும்போது தடுமாறியோ விழுந்த முதியவரால் எழுந்து நிற்க இயலவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகவும், பாதம் வெளிப்புறம் திரும்பியும் காணப்படுகிறது. இவ்வாறு இருந்தால், இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. எலும்பு மெலிந்தவர்களுக்கு, நின்ற நிலையிலிருந்து விழுவதே இம்முறிவுக்குப் போதுமானது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

முறிந்த இடத்தைப் பொறுத்து, மருத்துவர் திருகாணி, பிளேட் அல்லது எலும்பினுள் செலுத்தும் கம்பி ஆகியவற்றால் முறிவைப் பொருத்துவார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தால், மூட்டின் பந்துப் பகுதியை நீக்கிச் செயற்கைப் பந்தைப் பொருத்துவதும் உண்டு. அறுவை சிகிச்சை எலும்பை நிலைநிறுத்துகிறது. நடையை மீட்டுத் தருவது அதன் பின்னர் வரும் வாரங்களில் செய்யும் பயிற்சியே.

படுத்தே இருப்பதால் வரும் கேடு

"அறுவை சிகிச்சை செய்த உடம்பு, மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்கட்டும்" என்பதே பல குடும்பங்களின் முதல் எண்ணம். அன்பினால் எழும் எண்ணந்தான்; ஆயினும் முதியவருக்கு அது பெருங்கேடு விளைவிக்கும். நலமாக இருந்த முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது கண்டறியப்பட்டது. முறிவும் வலியும் குறைந்த உணவும் சேரும்போது இழப்பு மேலும் கூடும்.

தசை குறைவதோடு இது நிற்பதில்லை. படுத்திருப்பவரின் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா உண்டாகலாம். கெண்டைக்கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் தோன்றலாம். இடுப்பு முறிவுக்குப் பின் முதியவர்கள் இறப்பது பெரும்பாலும் முறிந்த எலும்பினால் அன்று. இத்தகைய சிக்கல்களாலும், முன்பே உள்ள நோய்கள் முற்றுவதாலுமே.

ஆகவேதான், உடல்நிலை இடந்தந்தால், அறுவை சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி உட்காரவும் நிற்கவும் வைக்கிறார்கள். வார்டில் இதைக் கண்டு உறவினர்கள் பதறுவது வழக்கம். பதற வேண்டியதில்லை.

முதல் நாட்களும் வாரங்களும்

கட்டிலில் இருக்கும்போதே பயிற்சி தொடங்கிவிடும். ஆழ்ந்து மூச்சு இழுத்து விடுதல், இரு பாதங்களையும் கணுக்காலில் மேலும் கீழும் அசைத்தல், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 வினாடி நிறுத்தித் தளர்த்துதல் ஆகியவை முதற்பயிற்சிகள். ஒரு முறைக்கு 10 தடவை என ஒரு நாளில் பல முறை செய்வது, ஒரே வேளையில் 50 தடவை செய்து களைத்துப் போவதைவிட நன்று.

அடுத்தது நடை. இங்கு நீங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அறுவை செய்த காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்?" சிலர் முழு எடையையும் ஊன்றலாம், சிலர் ஓரளவே ஊன்றலாம், சிலர் பாதத்தைத் தரையில் தொடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இது முறிவின் தன்மையையும் பொருத்திய முறையையும் பொறுத்தது. விடையை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். அது எழுதப்படாமல் வீடு திரும்புபவர்கள், அச்சத்தால் காலை ஊன்றாமலே இருந்துவிடுவதைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம்.

வாக்கரில் நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பின்னர் நல்ல கால் என்பது வரிசை. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். உதவி செய்பவர் நோயாளியின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நின்று இடுப்பருகே தாங்க வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் காலத்தில் பலர் செய்யும் தவறு, வலியுள்ள காலின் பக்கமே தடியைப் பிடிப்பது. எதிர்ப்புறக் கையில்தான் பிடிக்க வேண்டும். காரணம் இதுதான்: நாம் ஒரு காலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும், மறுபக்கம் இடுப்பு சாய்ந்துவிடாமல் ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. முறிவுக்குப் பின் இத்தசைகள் வலுவிழந்திருக்கும். அதனால் நடை ஆடி ஆடிச் செல்லும். எதிர்ப்புறத்தில் ஊன்றிய தடி அந்தச் சாய்வைத் தாங்குவதால், தசைகளின் வேலையும் மூட்டின் மீதுள்ள சுமையும் குறைகின்றன. அறுவை செய்த காலுடன் தடியும் சேர்ந்து முன்னே செல்ல வேண்டும். பின்னாட்களில் இத்தசைகளை வலுப்படுத்த, நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரித்தல், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் போன்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார்.

எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 3 முதல் 4 மாதங்கள் ஆகும். நடை முன்னேறுவது அதன் பின்னும் தொடரும். எனவே ஒரு மாதத்தில் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

செயற்கைப் பந்து பொருத்தியவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை தரையில் அமர்தல், குந்துதல், கால்மேல் கால் போடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், மூட்டு நழுவிவிடக்கூடும். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையெனில் உயரமான கமோடு நாற்காலி போதும். பக்கவாட்டில் படுக்கும்போது தொடைகளுக்கிடையே தலையணை வையுங்கள்.

வலி, கருவிகள், எண்ணெய் உருவுதல்

பயிற்சியின்போது ஓரளவு வலி இருப்பது இயல்பு. சிறிது நேர ஓய்வில் அது தணிந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால், பயிற்சியின் அளவைக் குறைத்து இயன்முறை மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்னர் உட்கொள்வது தவறன்று. வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதைவிட, வலி தணிந்து நடப்பதே மேல்.

"கரண்ட் வைத்தால் சீக்கிரம் சரியாகிவிடுமா?" என்று கேட்காத குடும்பம் அரிது. இம்முறிவுக்குப் பயிற்சியே சிகிச்சையின் உயிர்நாடி; கருவிகள் துணை மட்டுமே. உலோகம் பொருத்திய இடத்தில் ஆழ்வெப்பம் தரும் சில கருவிகளைப் பயன்படுத்தவே கூடாது. எண்ணெயிட்டுக் காலை அழுத்தி உருவுவதும் வேண்டாம். உறைகட்டி இருந்தால் அது பெயர்ந்து செல்லக்கூடும்.

உணவில் முட்டை, பருப்பு, பால், மீன் போன்ற புரதம் தினமும் இருக்கட்டும். கஞ்சியும் ரசமும் மட்டும் தந்தால் தசை தேறாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி அல்லது மயக்கம் ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரெனக் கால் குட்டையாகி ஊன்ற இயலாமற்போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிலேயே சேவை

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்குத் தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ விவரம் பெறலாம். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசியாக எடுத்த எக்ஸ்ரே, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். முதல் வருகையின்போது கட்டிலின் உயரம், கழிப்பறைக்குச் செல்லும் வழி, அங்குள்ள வாசற்படி ஆகியவற்றையும் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பிடியை எங்கே பொருத்துவது, இரவு விளக்கை எங்கே வைப்பது என்பதை அவர் நேரில் பார்த்துச் சொல்வார்.