ஒரே பயணத்தில் ரெண்டு சூரிய உதயம்

போன மாசம் எட்டு மணி நேர விமானப் பயணம். கால் நீட்ட இடமில்லை, காபி ஆறிப்போச்சு என்று வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து எதையோ தேடப்போய் இந்தக் கதை கண்ணில் பட்டது. அதுக்கப்புறம் வாயைத் திறக்கலை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனதும், லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமான வழி அறுந்துபோச்சு. அதை மறுபடி ஒட்டவைக்க 1943-ல் குவாண்டாஸ் ஒரு வேலை செய்தது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் கிளம்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கல ஏரியில் இறங்குவது. தூரம் சுமார் 5,650 கி.மீ. வழியில் இறங்க இடமே கிடையாது, முழுக்க இந்தியப் பெருங்கடல். கொக்கலயிலிருந்து கராச்சி, அப்புறம் லண்டன்.

விமானம் கேட்டலினா. தண்ணீரில் இறங்கும் ரகம், வேகம் மணிக்கு 200 கி.மீ. சுமார்தான். இன்றைய ஜெட் ஏழு மணி நேரத்தில் தாண்டிவிடும் தூரத்துக்கு இதுக்கு 27 முதல் 32 மணி நேரம் பிடிச்சது! உள்ளே கூடுதல் பெட்ரோல் டாங்குகளை அடைத்துவிட்டதால், எடுத்துப்போக முடிந்தது மூணு பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். எடையைக் குறைக்கணும்னு உள்பக்கத் தடுப்பையெல்லாம் கழற்றிட்டாங்க. குளிரும் இரைச்சலும் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஜப்பான் விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கிற மாதிரி நேரம் குறித்தார்கள். ரேடியோவில் வாய் திறக்கக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. அஞ்சு விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜெல், அண்டாரெஸ், ஸ்பைகா. (நம்ம ஊர்க் கணக்கில் திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை எல்லாம் வந்தாச்சு. ரைஜெலுக்கு மட்டும் அதில் இடமில்லை.)

பயணத்தில் ரெண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்களாம். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கொக்கலக்காரர்கள் கதை வேறு. விமானத்தளத்துக்காக ஊரைக் காலி செய்யச் சொல்லிட்டாங்க, வீடுகளை இடிச்சுட்டாங்க. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பிச்சது, அதிகாரிகள் தங்க வசதியா இருந்ததால். இன்னிக்கு அது அருங்காட்சியகம். தூரத்தைக் கணக்குப்போட்ட புத்தகங்களில் இந்த ஊர்க்காரர்களுக்கு ரெண்டு வரிகூட இல்லை. எனக்கு இதுதான் உறுத்துது.

1944-ல் லிபரேட்டர் விமானங்கள் வந்தன. 17 மணி நேரம்தான், ரெண்டாவது உதயம் போச்சு. போர் முடிந்ததும், அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய கேட்டலினாக்களை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் விடவில்லை. பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கடலில் பெரும்பாலானவற்றை மூழ்கடிச்சுட்டாங்க. அத்தனை தடவை விழாமல் தாண்டின அதே கடல்தான்.