கோவை வக்கீல்கள் தீர்மானமும் 22ஆவது பிரிவும்

1949 செப்டம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 15-ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் தன் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதுவே பின்னர் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவானது. தடுப்புக்காவல் கைதிக்கு இந்த உரிமைகளை அதே பிரிவு மறுத்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இந்த உரிமைக்குக் கோயமுத்தூரிலேயே சோதனை வந்தது. போலீசுக்கும் வக்கீல்களுக்கும் கைகலப்பு. குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாதென்று கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று, அப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்ட விரோதம், செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அன்று அம்பேத்கர் நினைவு நாள்.

போலீஸ்காரனுக்கு வந்த தீர்ப்பு நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். அதே தீர்ப்பு அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் வழக்கை எடுத்துக்காட்டுகிறது. 1931இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது பேர்மீது பாலியல் வன்கொடுமைப் பழி. ஊர் வக்கீல்கள் எல்லோரையுமே நீதிபதி அவர்களுக்கு நியமித்தார். எல்லோரும் என்றால் ஒருவருமில்லை என்றுதானே பொருள்! எட்டுப் பேருக்கு மரண தண்டனை. முறையான வக்கீல் உதவி கிடைக்கவில்லை என்று 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊரே வெறுக்கிறவனுக்கும் வக்கீல் உண்டு என்றால்தான் சேரிக்காரனுக்கும் உண்டு.

கொங்கு வட்டாரத்தில் இதன் அருமை நமக்குத் தெரியும். வன்கொடுமைப் புகார் கொடுத்த அருந்ததியர்மீதே எதிர் வழக்கு வருகிறது. காந்திபுரத்தில் பஸ் இறங்கி கோர்ட்டுக்கு வரும் நம் சனங்கள், "தப்பே பண்ணலீங்களே, நமக்கெதுக்குங்க வக்கீலு?" என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தப்பு பண்ணாதவனுக்குத்தான் வக்கீல் அவசரம். எப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தெந்தப் பிரிவு, எதற்கு ஜாமீன் உண்டு, யார் பெயர் பொய்யாகச் சேர்க்கப்பட்டது என்று பார்ப்பவர் அவர். ஸ்டேசனில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று சொல்லித்தருபவரும் அவரே. வழக்கைப் பொறுத்து 60 நாளிலோ 90 நாளிலோ குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் நம் உரிமை. ஆனால் கேட்டு மனுப்போட ஆள் வேண்டும். ஆளில்லாமல், மனுப்போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமையும் போச்சு.

2024 சூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த உரிமைகள் மாறவில்லை. காசில்லையே என்று முடங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இது யாரும் போடும் பிச்சையல்ல. வளவுக்கு ஒரு இளைஞராவது இதைப் படித்துச் சொல்ல வேண்டும், போலீஸ் ஜீப் வருவதற்கு முன்பே.