பாலாற்றங்கரை வரலாறு: பெரியண்ணனும் சின்னண்ணனும்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 ஆம் நாள் விடியுமுன் கிழக்கிந்தியக் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகப் புரட்சி செய்தார்கள். அந்தப் புரட்சிக்கு உடனடி நிமித்தமாயிருந்த ஒரு சிறு பொருளை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். புதிய தலைப்பாகையில் செருகிக்கொள்ளும்படி சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட தோல் சின்னமே அது. நெற்றியில் சமயக் குறி ஆகாது, காதில் கடுக்கன் ஆகாது, தாடி ஆகாது என்ற உத்தரவுகளுக்கு மேல், எந்த விலங்கின் தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே அருவருத்த அந்தத் துண்டும் வந்து சேர்ந்தபோது, தங்களைக் கிறிஸ்தவராக்கவே கும்பினியார் இவ்வளவும் செய்கிறார்கள் என்று சிப்பாய்கள் நிச்சயித்துக்கொண்டார்கள். உடையை மாற்றினால் மதம் மாறிவிடும் என்ற அந்த எண்ணத்தைப் பேதைமை என்று பின்னாளில் எழுதிய ஆங்கிலச் சரித்திரக்காரர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் மிஷன் பங்களாக்களின் நிழலில் வளர்ந்த கிறிஸ்தவம், கோட்டும் காலணியும் ஆலயத்தில் பெஞ்சியும் இன்றிக் கர்த்தரை அணுகுதல் நாகரிகக் குறைவு என்று கருதிய வகையிலே, சிப்பாய்களின் சந்தேகத்துக்குத் தானாகவே சாட்சி சொல்லிற்று.

இதற்கு மாறாக நடந்தவர் ஒருவர் 1606லேயே மதுரைக்கு வந்தாரே, இத்தாலிய யேசு சபைக் குரு ராபர்ட் டி நோபிலி, அவரை மறந்துவிட்டீரோ என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். மறக்கவில்லை. அவர் காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழில் உரைநடை நூல்கள் எழுதினார்; அவருடைய கல்விக்கு முன் தலை வணங்குகிறேன். ஆயினும் தேசத்தின் உடையோடு தேசத்தின் சாதியையும் சேர்த்து உடுத்திக்கொண்டவர் அவர். உயர்குலத்தார்க்கு ஒரு குருவும் தாழ்த்தப்பட்டோர்க்கு வேறொரு குருவும் என்ற ஏற்பாடு அவருடைய சபையிலேதான் வேர் ஊன்றிற்று. சத்தியத்தைத் தேடுவோர் தம் சட்டையைக் கழற்றினால் மட்டும் போதாது என்பதற்கு அவரே உதாரணம்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய கதையை இவ்வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் வேலூர் நோக்கிப் போக வேண்டிய கட்டுரை ஜோலார்பேட்டை சந்திப்பில் சேலத்து வண்டியில் ஏறிவிட்டது. அடுத்த நிலையம் திருப்பத்தூர். அங்கே இறங்காமற் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பத்தூரில் 1921இல் இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆசிரமம் அமைத்தார்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர், 1882இல் பிறந்தவர். மற்றவர் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், 1891இல் பிறந்தவர். அல்லோவா என்னும் ஊரில் கம்பளி நூல் ஆலைகளால் பெயரும் பொருளும் ஈட்டிய குடும்பத்தில் தோன்றிய பிள்ளை இவர். பின்னல் ஊசி பிடிக்கும் சீமைப் பெண்கள் அனைவர்க்கும் அக்குடும்பப் பெயர் நூலுருண்டையின் சீட்டிலே பரிச்சயமானது. முதல் உலக யுத்த காலத்தில், மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்றிருந்த ஜேசுதாசனும் மருத்துவ மாணவராயிருந்த பேட்டனும் அங்கே சந்தித்தார்கள், நண்பரானார்கள், இந்தியா சென்று ஒரே வாழ்க்கையாய் வாழ்வது என்று தம்முள் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தின் விளைவே கிறிஸ்துகுல ஆசிரமம். புரொட்டஸ்டண்டுத் திருச்சபையினர் இந்நாட்டில் கண்ட ஆசிரமங்களுள் காலத்தால் முற்பட்டது அதுவே. பூனாவில் ஆங்கிலிக்கன் குரு வின்ஸ்லோ ஆசிரமம் அமைத்தது 1927இல்; குளித்தலைக்கருகே கத்தோலிக்கக் குருமார் மோன்ஷனினும் லெ சோவும் சாந்திவனம் கண்டது 1950இல்.

வெள்ளை மிஷனரிக்கு ஒரு சம்பளம், அதே வேலை செய்யும் இந்திய ஊழியருக்கு வேறொரு சம்பளம், இருவர்க்கும் நடுவே ஒரு வராந்தா என்பது அக்காலத்து மிஷன் சம்பிரதாயம். வராந்தாவுக்கு அப்பால் நின்று பேசுகிறவரைச் சகோதரர் என்று பிரசங்கத்தில் மட்டும் அழைப்பதில் ஒரு சங்கடமும் இருப்பதாக அந்நாளைப் பெரியோர் பலர்க்குத் தோன்றவில்லை. திருப்பத்தூர்க்காரர்கள் அந்த வராந்தாவை எடுத்துவிட்டார்கள். இருவரும் கதர் உடுத்தார்கள், மணம் செய்துகொள்ளவில்லை, தரையில் அமர்ந்து வழிபட்டார்கள், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊரார் வாயிலும் தங்களுக்குள்ளும் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை, ஆளும் சாதியில் பிறந்தவர், அடிமை நாட்டு மருத்துவர் ஒருவரைத் தமக்கு மூத்தவராக ஏற்று அரை நூற்றாண்டு அவ்வண்ணமே வாழ்ந்தார் என்பதை ஒருகணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1921இல் அது வேதாந்த விவகாரமன்று, தெருவில் போவோர் திரும்பிப் பார்க்கும் காரியம்.

அந்தத் தெரு எத்தகைய தேசத்தில் இருந்தது என்பதும் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுச் சீமையின் ஊர்கள் யாவும் யுத்தத்திலே கொழுத்தவை. பிரிட்டிஷ் சேனையின் பூட்சுகளுக்கு மேல்தோல் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாய்ப் போயிற்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் நாட்கணக்கில் போட்டு, மரத்தின்மேல் விரித்து மயிரை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் மாற்றி மாற்றி அமிழ்த்தி, கடுக்காய்த் தண்ணீர் காட்டி, எண்ணெய் தடவி உலர்த்துவது அந்நாளைய முறை. தொட்டிக்குள் முழங்கால் அளவு நின்று தோலை மிதித்தவனுடைய பாதம் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருக்கும். அந்த வாடை அவன் குளித்தாலும் போகாது, அவன் பிள்ளையின் மேலும் இருக்கும். தோல் ஷாப்பில் முதலாளி பெரும்பாலும் முஸ்லிம் வணிகர். தொட்டியில் நின்றவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். இந்தச் சீமையின் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினரும் அதே சேரிகளிலிருந்தே வந்தவர்கள்.

இந்தப் பின்னணியிலேதான் ஆசிரமத்து ஜெபாலயத்தைப் பார்க்க வேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழும்பிய அக்கட்டிடத்துக்குக் கூம்பிய மணிக்கூண்டு இல்லை. கோபுரம் உண்டு, கற்றூண் மண்டபம் உண்டு, காலணியை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தென்னாட்டுக் கோயிலைப் பார்த்துக் கிறிஸ்துவுக்குக் கட்டினார்கள். இதைப் புகழ்ந்தவர்கள் சுதேசிய மனப்பான்மை என்று புகழ்ந்தார்கள். எதிர்த்தவர்கள் விக்கிரகாராதனையின் சாயல் என்று எதிர்த்தார்கள். இரு சாராரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கோபுரம் யாருடைய பிதிரார்ஜிதம்? தோல் தொட்டியில் நின்றவனுடைய பாட்டன் எந்தக் கோபுரத்தின் உள்ளும் போனவனல்லன். அவனுக்கு அது அடைத்த கதவே. ஆகவே கோயில் வடிவத்தைத் தேச பாரம்பரியம் என்று அவனிடம் காட்டுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்தது. அந்த முரணைப் பின்னாளில் தலித் கிறிஸ்தவர் எடுத்துக் காட்டியபோது அவர்கள் பக்கம் நியாயமிருந்தது. எனினும் மறுபக்கமும் ஒன்று உண்டு. மதுரை மீனாட்சியம்மன் சந்நிதியில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, திருப்பத்தூரில் ஒரு கோபுர வாயில் யாரையும் சாதி கேட்காமல் திறந்திருந்தது. நோபிலி செய்யாமல் விட்டதை இவர்கள் செய்தார்கள்.

ஜெபாலயத்தின் பிரதிஷ்டைச் சடங்கைப் பற்றியும் விரிக்கலாம். ஆனால் சின்னண்ணனுக்கு உண்மையான அபிஷேகம் திருப்பத்தூரில் நடக்கவில்லை, சென்னைக் கடைத்தெருவில் நடந்தது.

1932 ஜனவரியில் காந்தியடிகள் மறுபடி சிறைப்பட்டார். சட்டமறுப்பு மறுபடி மூண்டது. அந்நியத் துணிக் கடைகளின்முன் மறியல் நடந்தது. மிஷனரிகள் அரசியலில் தலையிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தே இந்நாட்டில் இருந்த காலம் அது. மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர் கைத்தான், கதர் உடுத்ததும் தேசியவாதிகளோடு பழகியதும் குற்றமாகி, 1930இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. இத்தகைய சூழ்நிலையில், சென்னைக்கு வந்திருந்த பேட்டன், கதர் உடையோடு, மறியல் நடந்த தெருவில் நின்றார். போலீசார் தடியடி கொடுத்தபோது அந்த அடி அவர் மேலும் விழுந்தது. அதோடு விடவில்லை, மறியல் செய்தார் என்று அவர்மீது வழக்கும் தொடுத்தார்கள். அடிபட்டவர் யார் என்று தெரிந்த பிறகே சர்க்காருக்குக் கலக்கம் உண்டாயிற்று. வழக்கு கைவிடப்பட்டது, பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலே கேள்வி எழுந்தது, இந்தியா மந்திரி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதே தெருவில் அதே தடியால் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளின் பெயரை லண்டனில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நூல் ஆலைக் குடும்பத்து மைந்தர் அந்நிய நூலை மறுக்கும் கூட்டத்தின் நடுவே அடிபட்டதில் உள்ள விசித்திரம் ஒருபுறமிருக்க, என்னைக் கவர்வது வேறு. 1806இல் சிப்பாயின் தலையில் தோலை வைத்தவர்களும், 1932இல் கதரைக் கண்டவுடன் தடி ஓங்கியவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மனிதனின் உள்ளத்தை அவன் உடையிலே வாசிப்பவர்கள். பேட்டன் அரசியல்வாதி அல்லர். கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு, அடிக்கப்படுகிறவர்களின் உடையில் நிற்பது என்று அவர் தம் வாழ்க்கையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தப் பதிலின் விலையைக் கேட்டார்கள், கொடுத்தார்.

இவ்வளவு எழுதிய பிறகும், இருவரில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால், ஜேசுதாசன் என்றே சொல்வேன். பேட்டன் துறந்த செல்வம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. துறந்தவரை உலகம் உடனே போற்றிவிடும். ஜேசுதாசன் செய்ததோ அதனினும் கடினமானது. அடிமை நாட்டில் பிறந்து, ஆள்வோரின் நாட்டில் கற்று, ஆளும் இனத்துச் சீமானொருவரோடு ஒரே கூரையின் கீழ், பணிவும் பகையும் இன்றி மூத்தவராக இருந்து காட்டினார். ஆசிரமங்களின் பழமையையும் புதுமையையும் பற்றி 1937இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். அவர் 1969இல் காலமானார். சின்னண்ணன் அடுத்த ஆண்டே சென்றார்.

(தொடரும்)