யார் வீட்டுக் காசு? நூலக வரியும் மகத் குளமும்

'நூலகத்துப் பக்கம் நான் காலெடுத்து வச்சதில்ல, எனக்கெதுக்கு நூலக வரி?' சொத்துவரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பிள்ளையில்லாதவர் கல்வி வரியைக் கேட்கிறார், கார்க்காரர் நடைபாதையைக் கேட்கிறார். வரியை விலையாக வாசிக்கிற சொல்லாடல் இது. காசு கொடுத்தேன், சரக்கு எங்கே? தாராளமயம் வந்த பிறகுதான் குடிமகன் நுகர்வோன் ஆனான் என்று நாம் எழுதி வருகிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது அதிகம்.

1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வில்லியம் எவார்ட் பொது நூலக மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் கர்னல் சிப்தார்ப் என்கிற டோரி. தனக்கு வாசிப்பே பிடிக்காது, ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அதை வெறுத்தேன் என்று சபையிலேயே சொன்னவர். சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நிறைவேறிய சட்டத்தைப் பாருங்கள். வரி கட்டுவோரிடம் வாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால்தான் நூலகம். வரி, சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னிக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆளுக்குச் சம்பளம் தரலாம், புத்தகம் வாங்கக்கூடாது! அலமாரி ஊருடையது, புத்தகம் தருமவான்கள் போடுகிற பிச்சை. சிப்தார்ப் தோற்றார் என்றுதான் வரலாறு சொல்லும். அவருடைய வாதம் சட்டத்துக்குள்ளேயே குடியேறிவிட்டதை அது சொல்லாது. 1855இல் புத்தகம் வாங்க அனுமதி கிடைத்தது, வரம்பும் ஒரு பென்னியானது. அந்த ஒரு பென்னி உச்சவரம்பு நீங்க 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் கதை வேறு. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. எஸ்.ஆர். ரங்கநாதன் சட்ட வரைவுகளைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷம் அலைந்தார். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் பொது நூலகச் சட்டம். சொத்துவரி அல்லது வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரி. (அங்கே அரைப் பென்னி, இங்கே அரையணா. பொது அறிவுக்கு எங்கும் அரைக்காசுதான் போலும்.) பிறகு அது ஏறி ரூபாய்க்குப் பத்துப் பைசா ஆயிற்று. சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில், வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தரவேண்டும். வாக்கெடுப்பு கிடையாது. நீ வாசிக்கிறவனா என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். பயன்படுத்துகிறவன் மட்டும் கட்டட்டும் என்றிருந்தால், தாத்தா காலத்திலிருந்து ஏடு புரட்டிய தெருக்களில் மட்டும்தான் நூலகம் முளைத்திருக்கும். பயன்பாடு என்பது இயற்கையாக அமைவதல்ல. சாதியும் சொத்தும் முன்கூட்டியே பங்கு வைத்துவிட்ட ஒன்று.

இங்கே நம் தோழர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். எழுத்துத் தெரியாத கூலிக்காரர் குடிசைக்குக் கட்டிய வரியிலும் அந்த அரையணா சேரும் அல்லவா? ஊர்த்தெரு வாசகசாலையில் யாரோ பேப்பர் படிக்க அவர் ஏன் அழ வேண்டும்? அதே கேள்விதான், ஆனால் கேட்கிற வாய் வேறு. 'எனக்கு வேண்டாம்' என்பதும் 'என்னை விடவில்லை' என்பதும் ஒன்றாகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் வரி பற்றிய நடுத்தர வர்க்கப் புலம்பலின் தந்திரம்.

மகத்துக்குப் போவோம். 1923 ஆகஸ்டு 4இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் கிணறுகளையும் தர்மசாலைகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்றது அது. பள்ளி, நீதிமன்றம், மருந்தகம் எல்லாம் அதில் வரும். அடுத்த வருஷம் நம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தெரு, கிணறு, குளம் பற்றிக் கொண்டுவந்த தீர்மானமும் இதே திசையிலானது. இவற்றில் என்னை நிறுத்துவது 'பொது' என்கிற அந்த ஒற்றைச் சொல். தண்ணீர் எடுக்க வருகிறவன் வரி கட்டினானா, எவ்வளவு கட்டினான் என்கிற விசாரணையே இல்லை.

மகத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில்தான். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்த் தண்ணீர் குடித்த பிறகு அடிதடி, குளத்துக்குத் தீட்டுக் கழிப்பு. ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சொன்னது என்ன? இது எங்கள் குளம், காலங்காலமாக நாங்கள் மட்டும்தான் புழங்குகிறோம். புழங்குகிறவனுக்கே சொந்தம்! 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளியது.

பயன்படுத்துகிறவன் மட்டும் கட்டுவது என்பதும், பயன்படுத்துகிறவனுக்கே உரியது என்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. முதல் முனையைப் பிடித்து இழுக்கிற அடுக்குமாடிச் சங்கத்துக்காரர் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. பூங்காவுக்கு நாங்கதானே கட்டுறோம், வெளியாள் ஏன் வர்றான் என்று கேட்கும்போது தான் மகத்தின் வாதிகள் நின்ற கூண்டில் நிற்பது அவருக்குத் தெரியாது.

நூலக வரியில் கேட்க வேண்டியவை வேறு. உள்ளாட்சிகள் வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவுக்குத் தராமல் நிலுவை வைப்பது பழைய வியாதி. வாங்கிய காசு எங்கே, எந்தத் தெருவில் கிளை நூலகம் திறந்தது, எந்தத் தெருவில் திறக்கவே இல்லை? மகாராஷ்டிரம் 1967இலும் மேற்கு வங்கம் 1979இலும் வரியே இல்லாமல் நூலகச் சட்டம் போட்டன. அங்கே நூலகம் வருஷாவருஷம் நிதியமைச்சரின் தயவை எதிர்பார்க்கிறது. இங்கே அந்தத் தயவு தேவையில்லை, சட்டப்படி வரவேண்டிய பணம். கேட்டு வாங்க ஆள்தான் வேண்டும்.