மூச்சுக்கு ஓர் ஆசான் எதற்கு? பிராணாயாம வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

மூச்சு விடுவதற்கு யாராவது பாடம் படிப்பார்களா? பிறந்த நிமிடத்திலிருந்து யாரும் சொல்லித்தராமல் நாம் செய்துவரும் வேலை அது. அப்படியிருக்க, மூச்சுப் பயிற்சியைப் பற்றி எழுதி வைத்த நம் முன்னோர்கள் "குருவிடம் கேட்டுச் செய்" என்று ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்? வித்தையை ஒளித்து வைக்கும் தந்திரமா? அல்லது வேறு காரணம் இருந்ததா?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நூலகத்தில் திருமந்திர உரை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமக் கணக்கு கண்ணில் பட்டது. இழுப்பது 16 மாத்திரை, அடக்குவது 64, விடுவது 32. அவ்வளவுதானே என்று விடுதி அறையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். 64 வரை வரவில்லை. வராவிட்டாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். மூன்றாம் நாள் கண் இருட்டிக் கட்டிலில் சாய்ந்தேன். அறை நண்பன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினான். ஒரு வாரம் வரை தலைவலி போகவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வித்தையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அழுக்கு என்றால் எது?

பிராணாயாமத்தை நம் பழைய நூல்கள் உடற்பயிற்சியாக மட்டும் பார்க்கவில்லை. அதை ஒரு சுத்திகரிப்பாகப் பார்த்தன. மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. உலைத் தீயில் ஊதும்போது உலோகத்தின் அழுக்கு எரிந்துபோவதுபோல, மூச்சை அடக்குவதால் புலன்களின் குற்றங்கள் எரிந்துபோகும் என்கிறது. துருத்தி ஊதும் கொல்லனை நினைத்துக்கொண்டால் உவமை எளிதில் புரியும்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தை கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதில் பிராணாயாமத்துக்கு ஐந்தே சூத்திரங்கள்தான். ஆசனம் கைவந்த பிறகு மூச்சின் போக்குவரத்தை நிறுத்துவது பிராணாயாமம். இடம், காலம், எண்ணிக்கை ஆகியவற்றால் அது அளக்கப்படும். அதனால் உள்ளொளியை மூடியிருக்கும் திரை தேய்கிறது. மனம் ஒருமைப்பாட்டுக்குத் தகுதி பெறுகிறது. சாரம் இவ்வளவே. எத்தனை எண்ண வேண்டும், யார் எப்போது ஆரம்பிக்கலாம் என்பதெல்லாம் அங்கே இல்லை. சூத்திரம் என்பது ஆசிரியர் விரித்துச் சொல்வதற்காக எழுதப்பட்ட குறிப்பு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

புத்தர் கைவிட்ட மூச்சு

மூச்சை அடக்கித் துன்பப்பட்டவர்களில் மிகப் பெரியவர் கௌதம புத்தர்தான்! மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள மகாசச்சக சுத்தத்தில் அவரே தம் தவக்கால அனுபவத்தைச் சொல்வதாக வருகிறது. ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்களிடம் கற்றுவிட்டு, நிறைவு ஏற்படாமல் அவர்களை விட்டு விலகிய பிறகு நடந்தது இது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் போகும் மூச்சை நிறுத்தினார். காதுகள் வழியாகக் காற்று பேரிரைச்சலோடு வெளியேறியது. காதையும் அடைத்து நிறுத்தினார். கூரிய வாள்முனையால் தலையைத் துளைப்பதுபோல வலி. தோல்வாரால் தலையை இறுக்கிக் கட்டியதுபோல வலி. வயிற்றைக் கசாப்புக்காரன் கத்தியால் கீறுவதுபோல வேதனை. உடம்பெல்லாம் தீ.

இந்த வழியையும் பட்டினித் தவத்தையும் அவர் கைவிட்டார். பின்னாளில் அவர் கற்பித்த ஆனாபானசதியில் மூச்சை அடக்கும் வேலையே கிடையாது. நீண்ட மூச்சை நீண்டது என்று அறி, குறுகிய மூச்சைக் குறுகியது என்று அறி, அவ்வளவுதான். நூறாண்டுகள் பல கடந்து விபாசனா முகாம்களில் இன்றும் கற்பிக்கப்படுவது இந்த மூச்சுக் கவனிப்பின் வழிவந்ததே. மூச்சைக் கட்டுப்படுத்துவது ஒரு மரபு, கவனிப்பது இன்னொரு மரபு என்று இரண்டு கிளைகள் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

திருமூலரின் குதிரை

இப்போது என்னை விழவைத்த நூலுக்கே வருவோம். திருமூலரின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மூச்சுப் பயிற்சியைத் தமிழில் விரிவாகச் சொன்ன பழைய நூல் திருமந்திரம்தான் என்பதில் சந்தேகமில்லை. ஒன்பது தந்திரங்களில் மூன்றாவது அட்டாங்க யோகத்துக்கு உரியது. அதில் பிராணாயாமம் தனிப்பகுதியாக வருகிறது.

அந்தப் பகுதி கணக்கோடு தொடங்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை! அது குதிரையோடு தொடங்குகிறது. உடம்பாகிய ஊருக்கு ஒரு தலைவன் இருக்கிறான். அவன் ஏறிச்செல்ல ஒரு குதிரை உண்டு. உண்மையாளருக்கு அது பிடி கொடுக்கும். பொய்யரை அது துள்ளிக் கீழே தள்ளிவிடும். அடுத்த பாட்டிலேயே, இந்தக் குதிரைகளைப் பிடிக்கும் வித்தை அறிந்தவர் இல்லை, குருவின் அருள் கிடைத்தால் அவை வசப்படும் என்று சொல்லிவிடுகிறார். 16, 64, 32 என்ற கணக்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. நான் முதல் பாட்டுகளைத் தள்ளிவிட்டு நேராகக் கணக்குக்குப் போனேன். குதிரை என்னைத் தள்ளியதில் ஆச்சரியம் என்ன?

திருமூலர் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் ஆசானை விடுவதில்லை. நந்தியிடம் அருள்பெற்ற எட்டுப் பேரைப் பட்டியலிட்டு அதில் கடைசியாகத் தம்மைச் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் தில்லையில் வழிபட்ட பதஞ்சலியும் இருக்கிறார். மரபுப்படி பார்த்தால் இருவரும் ஒரே குருவிடம் பாடம் கேட்டவர்கள்.

சிங்கம், யானை, புலி

15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை இந்தத் துறையின் முக்கிய நூல். உடம்பில் 72,000 நாடிகள் உண்டு, அவற்றில் மலம் அடைத்திருக்கும்வரை பிராணன் நடுநாடியான சுழுமுனையில் செல்லாது, ஆகவே முதல் வேலை நாடி சுத்தி என்கிறது. இடது மூக்கால் இழுத்து, இயன்றவரை நிறுத்தி, வலது மூக்கால் விட வேண்டும். பிறகு வலதில் இழுத்து இடதில் விட வேண்டும். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளை. மெல்ல மெல்ல வேளைக்கு 80 வரை உயர்த்த வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் போனால் நாடிகள் தூய்மையாகும் என்று சொல்கிறது.

"இயன்றவரை" என்ற சொல்தான் இங்கே முக்கியம். யாருக்கு எவ்வளவு இயலும் என்பதை எந்த நூலும் எழுத முடியாதே! அதனால்தான் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் சுலோகத்திலேயே குரு காட்டிய வழியில் செய்ய வேண்டும் என்று வைத்தார். சிங்கத்தையும் யானையையும் புலியையும் படிப்படியாகத்தான் பழக்க முடியும், மூச்சும் அப்படித்தான், அவசரப்பட்டால் பழக்குபவனையே கொன்றுவிடும் என்றும் எச்சரிக்கிறார். தவறாகச் செய்தால் என்ன வரும் என்ற பட்டியலும் உண்டு: விக்கல், மூச்சிரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி. இதைப் படித்தபோது என் ஒரு வாரத் தலைவலியை ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் குறித்து வைத்துவிட்டாரே என்று சிரித்துக்கொண்டேன்.

தௌதி, வஸ்தி, நேதி முதலிய ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளை எல்லோருக்கும் அவர் விதிக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கொழுப்பும் கபமும் மிகுந்தவர் முதலில் அவற்றைச் செய்யலாம், மற்றவருக்குத் தேவையில்லை என்கிறார். பிராணாயாமம் ஒன்றே எல்லா அழுக்கையும் போக்கிவிடும் என்று சொல்லும் ஆசாரியர்களும் உண்டு என்று மறக்காமல் சேர்க்கிறார். ஆனால் இவருக்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதை ஆறு கிரியைகளைத்தான் முதல் படியாக வைக்கிறது. உடம்பு பச்சை மண்பானை, யோகம் என்ற தீயில் சுட்டால்தான் நீரில் கரையாது என்பது அந்த நூலின் உவமை. ஆக, எதை முதலில் செய்வது என்பதில்கூட நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. உனக்கு எது முதலில் என்று முடிவு செய்ய, உன்னை நேரில் பார்க்கும் ஒருவர் வேண்டியிருந்தது.

வித்தை அச்சுக்கு வந்தது

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. 1896-இல் சுவாமி விவேகானந்தரின் ராஜயோகம் நூல் வெளிவந்தது. நியூயார்க்கில் அவர் நடத்திய வகுப்புகளின் தொகுப்பு அது. அதன் முன்னுரையிலேயே, சில விதிவிலக்குகள் தவிர, யோக முறைகளை ஆசிரியரின் நேரடித் தொடர்பில்தான் ஆபத்தின்றிக் கற்க முடியும் என்று எழுதினார். புத்தகத்தை மட்டும் நம்பாதே என்று சொல்லும் புத்தகம்!

அடுத்து வந்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். குஜராத்தில் மாதவதாசரிடம் யோகம் கற்ற சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோணாவளாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். யோக மீமாம்சா என்ற இதழை நடத்தி, எக்ஸ்ரேயும் அழுத்தமானியும் வைத்துக் கிரியைகளை அளந்து வெளியிட்டார்.

தெற்கே திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தினார். அவர் 1934-இல் கன்னடத்தில் எழுதிய யோக மகரந்தம் பின்னர் தமிழிலும் வந்தது. அவருடைய மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் நோயால் நலிந்தவர். நெஞ்சு பலவீனம் என்று சொல்லிக் கிருஷ்ணமாச்சாரியார் அவருக்குப் பிராணாயாமம் கற்றுத்தரவில்லை. ஐயங்கார் பின்பு தாமாகவே பல ஆண்டுகள் முட்டி மோதிக் கற்று, 1981-இல் பிராணாயாமத்துக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அந்த ஆசிரியர் மறுத்தது கொடுமையா, அக்கறையா? நானும் முதலில் கொடுமை என்றுதான் நினைத்தேன்.

1957-இல் வெங்கர், பக்சி, ஆனந்த் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட யோகிகளைச் சோதித்தார்கள். சென்னையில் சோதிக்கப்பட்டவர் கிருஷ்ணமாச்சாரியார். 1961-இல் முடிவுகள் வெளிவந்தன. இதயம் நிற்கவில்லை, ஈசிஜி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அதனால் நாடித்துடிப்பு கைக்கு அகப்படாமல் போகிறது. அற்புதம் இல்லை என்று ஆனது. ஆனால் மூச்சை அடக்குவது ரத்த ஓட்டத்தையே மாற்றக்கூடியது என்பதும் அதே சோதனையில் நிரூபணமானது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய எனக்குக் கண் இருட்டியதன் விளக்கமும் ஏறக்குறைய இதுதான். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்கக் கூடாது என்று இன்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது.

ஒரு மாத்திரை எவ்வளவு?

கடைசியில் நானும் ஓர் ஆசிரியரைத் தேடிப் போனேன். எங்கள் ஊரில் மொட்டைமாடியில் பத்துப் பேருக்குச் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரு மாத்திரைக்கு எவ்வளவு நேரம் வச்சே?" என்றார்.

"ஒரு செகண்டுங்க ஐயா."

"தொல்காப்பியத்துல எழுத்ததிகாரம் படிச்சிருப்பியே. மாத்திரைன்னா என்ன?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம்! தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. கண்ணிமைப்பு ஒரு விநாடிகூட வராது. நான் ஒரு சுற்றுக்கு 112 விநாடி கணக்கு வைத்திருந்தேன். எண் நூலில் இருந்தது, அளவுகோலை நானாகப் போட்டுக்கொண்டேன்.

"அளவு தெரிஞ்சிருந்தாலும் உனக்கு அது முதல் நாள் பாடம் இல்லப்பா" என்றார் அவர். முதல் மாதம் முழுவதும் அடக்கவே விடவில்லை. சும்மா உட்கார்ந்து விடும் மூச்சை எண்ணச் சொன்னார். நான்கு நாள் பார்த்துவிட்டு, "தோளைத் தூக்குறே, இறக்கு" என்றார். என் தோள் தூக்கியிருப்பது எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகமும் அதைப் பார்த்துச் சொல்லியிருக்காது.

குரு வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் ரகசியம் காக்கும் எண்ணமும் இருந்தது உண்மைதான். வெளியிட்டால் வித்தை வலுவிழக்கும் என்று ஹடயோகப் பிரதீபிகையே சொல்கிறது. அந்த ரகசியம் அச்சு வந்த பிறகு போய்விட்டது. இன்று எல்லாக் கணக்கும் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் பதஞ்சலி விட்டுவைத்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற அந்த மூன்றையும் சொல்ல, எதிரே உட்கார்ந்து நம் மூச்சைப் பார்க்கும் ஒருவர் வேண்டும். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

நான் இன்னும் 64-க்குப் போகவில்லை. அவசரமும் இல்லை. விடுதியில் இப்போது யாரும் என் முகத்தில் தண்ணீர் தெளிப்பதில்லை, அதுவே பெரிய முன்னேற்றம்!